மைதானம் எவருடையது?

சென்ற மாதம் எமது வீதியில் ஒரு மகஜர் வீடு வீடாக வலம் வந்தது. மாத்தளை மாவட்டத்து நகரமொன்றின் பொது மைதானத்தை ஒட்டிச் செல்லும் வீதி அது. ஒரு பக்கம் மைதானத்தின் கம்பி வேலி. மறு பக்கம் வீடுகள். ஆசிரியர், எழுதுவினைஞர், சில்லறைக் கடைக்காரர், இளைப்பாறிய உத்தியோகத்தர் என்று பலரும் வாழும் இடம். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மதிலுக்கு மதில் அயலவர். மகஜரை ஏந்தி வந்தவர் எம் மதிப்புக்குரிய பெரியவர். “சேர், நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்க, படிச்சவங்க பேர் முன்னுக்கு இருந்தாத்தான் மதிப்பு” என்றார்.

மகஜரை வாசித்தோம். மைதானத்தில் இனிமேல் பெருங்கூட்டம் எதற்கும் அனுமதி வழங்கலாகாது. களியாட்ட விழா, இசை நிகழ்ச்சி, விற்பனைச் சந்தை, அரசியற் கூட்டம், தொழிலாளர் பேரணி யாவும் அங்கு நிறுத்தப்படல் வேண்டும். காலை மாலை நடை பயில்வோருக்கும் குழந்தைகளுக்கும் மாத்திரமே மைதானம் ஒதுக்கப்படல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

நாம் கையெழுத்திடவில்லை. பெரியவரின் முகம் வாடிற்று. “அப்ப இந்தச் சத்தத்தோடவே கிடந்து சாகச் சொல்றீங்களா, சேர்?” என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம். அவ்விடை எமது வீதிக்கு மாத்திரம் உரியதன்று. ஆதலின் அதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெரியவரின் முறைப்பாடு பொய்யன்று. மைதானத்தின் அருகே குடியிராத எவரும் அதனை அற்பமென்று தள்ளிவிடுதல் தகாது. களியாட்டம் மூன்று நாளென்று விளம்பரம் கூறும். ஆனால் முதல் லொறி வந்திறங்குவது அதற்கு ஒரு வாரம் முன்னர். தகரத் தட்டிகளால் மைதானம் சுற்றி அடைக்கப்படும். நேற்றுவரை அங்கே பந்தடித்த சிறுவர்கள் இன்று தகரத்தின் இடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள். மின்பிறப்பாக்கி இரவு பகலாக உறுமும். மாலையில் ஒலிபெருக்கி திறக்கப்பட்டதும் எமது சன்னற் கண்ணாடி நடுங்கத் தொடங்கும். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கணக்குச் செய்யும். நோயாளியான கிழவி தலையணையால் முகத்தை மூடுவாள். வாசலை மறித்து வாகனங்கள் நிற்கும். மலசலகூடம் போதாத கூட்டத்துக்கு எமது மதில்களே மலசலகூடமாகும். விழா முடிந்த பின்னர் மழை பெய்தால், லொறிச் சக்கரங்கள் கிழித்த மைதானம் சேற்று வயலாகக் கிடக்கும். புல் முளைத்துச் சிறுவர்கள் மீண்டும் அங்கே காலூன்ற மாதங்கள் செல்லும்.

இதிலே இன்னொருவர் இருக்கிறார். அவரை மகஜரும் குறிப்பிடவில்லை. விடியற்காலையில், வீதி முழுவதும் உறங்கும் வேளையில், சிதறிக் கிடக்கும் சோற்றுப் பொதிகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் வாரிச் சுமக்கும் சுத்திகரிப்புத் தொழிலாளி அவர். எமது மலைநாட்டு நகரங்களில் அவர் பெரும்பாலும் தமிழர். தாழ்த்தப்பட்டவரென ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இதே தொழிலுக்குத் தள்ளப்பட்டவர். களியாட்டத்தின் இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை; அதன் அழுக்கு மாத்திரம் அவருடையது.

ஆகவே துன்பம் உண்மை. ஆனால் துன்பத்துக்குக் காரணம் எது? கூட்டமா? இங்கேதான் மகஜர் எழுதிய கனவான்களிடமிருந்து நாம் வேறுபடுகிறோம்.

தகரத் தட்டியைச் சற்று உற்று நோக்குக. பொது நிலத்தைச் சுற்றி ஒரு வேலி. வேலியில் ஒரு வாசல். வாசலில் ஒரு நுழைவுச்சீட்டு. நேற்று யாவருக்கும் உரியதாயிருந்த புற்றரை இன்று பணம் உள்ளவனுக்கு மாத்திரம் உரியதாகிறது. ஏற்பாட்டாளருக்கு இலாபம், வாடகையை வாங்குவோருக்கு வருமானம், சத்தமும் சேறும் குப்பையும் அயலவருக்கும் தொழிலாளிக்கும். இலாபம் தனியாருடையது, நட்டம் பொதுமக்களுடையது என்ற பழைய கணக்கு இங்கேயும் எழுதப்படுகிறது. எம்மைத் துன்புறுத்துவது மக்கள் கூடுதல் அன்று. மக்கள் கூடும் இடம் விற்பனைப் பொருளாக்கப்பட்டமையே.

யாழ்ப்பாணத்து முற்றவெளியை நினைவுகூர்வோம். 2024 பெப்ரவரி 9ஆம் நாள் அங்கே தென்னிந்தியப் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. கட்டணம் செலுத்தியோர் முன்னே, செலுத்தாதோர் பின்னே, நடுவே தடுப்பு. பின்னே நின்ற கூட்டம் தடுப்பை மீறியது, நிகழ்ச்சி குழம்பிற்று. மறுநாள் தொடங்கி யாழ்ப்பாணத்து இளைஞரின் ஒழுக்கம் பற்றி எத்தனை உபதேசங்கள்! ஒழுங்கீனத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் ஊரின் பொதுவெளியிலே, ஊர்ப் பிள்ளைகளுக்கு இடையிலே, காசின் அளவால் ஒரு வேலி எழுப்பப்பட்டதைப் பற்றி உபதேசித்தவர் எத்தனை பேர்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் உண்டு. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதெனக் கட்டளையிட்டது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கு அது. சட்டத்தின் கை எந்த வாசலை முதலில் தட்டுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சிறுபான்மையினரின் வழிபாட்டிடத்தில் சத்தத்தை அளக்கும் அதே கை, செல்வாக்குள்ள ஏற்பாட்டாளரின் மேடைக்கு முன்னால் மடங்கிக்கொள்வதை எத்தனையோ இரவுகள் நாம் சன்னலோரம் நின்று கண்டிருக்கிறோம். பரீட்சை நெருங்கும்போது தனியார் வகுப்புகளை நிறுத்தும்படி பரீட்சைத் திணைக்களம் கட்டளையிடுகிறது. மாணவனின் நலன் கருதி ஆசிரியனின் வாயை மூடலாம். ஒலிபெருக்கியின் வாயை மூடுதல் மாத்திரம் எவராலும் இயலாத காரியம் போலும்!

முறையிடுவதற்கும் ஓரிடம் வேண்டுமல்லவா? 2023 மார்ச் மாதத்தில் இந்நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நடைபெற வேண்டிய தேர்தலுக்குப் பணமில்லை என்று சொல்லி அது ஒத்திவைக்கப்பட்டது. மக்கள் வாக்களிக்க முடிந்தது 2025 மே 6ஆம் நாளன்றே. ஈராண்டுக்கும் மேலாக எமது நகரங்களின் பூங்காக்களும் மைதானங்களும் மக்களால் தெரிவுசெய்யப்படாத அதிகாரிகளின் கையொப்பத்தில் வாடகைக்குச் சென்றன. வாக்குரிமை ஒத்திவைக்கப்பட்டால் சன்னலோரத்துத் தூக்கமும் கூடவே ஒத்திவைக்கப்படும் என்ற பாடத்தை அக்காலத்தில் நாம் கற்றோம்.

இனி மகஜர் கூறும் பரிகாரத்தைப் பார்ப்போம். பெருங்கூட்டம் யாவற்றையும் தடைசெய்தல்! இது நல்ல மருந்தென்று எண்ணுவோர் காலிமுகத்திடலின் கதையை ஒரு தடவை படித்தல் நன்று.

தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த திடல் அது. கொழும்பின் மாதர், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக அதைத் தம் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாக அங்கே கல்லில் பொறித்து வைத்தார். எந்த மாதர், எவருடைய குழந்தைகள் என்பது அக்காலத்துக் கொழும்பை அறிந்தோர்க்கு விளங்கும். ஆயினும் கல்லெழுத்தை மக்கள் தம் கால்களால் திருத்தி எழுதினர்.

1937இல் நடந்ததை மலையகத்தார் மறத்தலாகாது. அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பயிற்சிக்கு வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞன் தொழிலாளர் பக்கம் நின்றான். அந்நாளில் தோட்டத்துக்குள் தொழிற்சங்கத்தார் கூட்டம் நடத்த முடியாது. அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் அவர்மீது சுமத்தப்படும். ஆகவே ஏப்பிரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டி நகரிலே கமலாதேவி சட்டோபாத்யாயா பேசிய கூட்டத்தில் அவன் எழுந்து பேசினான். தோட்டத்துரைமார் கொதித்தனர், அவனை நாடுகடத்தத் தேசாதிபதி கட்டளையிட்டார். தலைமறைவான அவன் மே 5ஆம் நாள் வெளிப்பட்டது காலிமுகத்திடலிலே, ஐம்பதினாயிரம் பேரெனச் சொல்லப்படும் மக்கள் திரளின் நடுவே! அம்மாதமே நீதிமன்றம் தேசாதிபதியின் கட்டளை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. லயத்துக் காம்பராவில் பேச முடியாத நியாயத்தைப் பேசுவதற்கு நகரத்தின் திடலே இடம் கொடுத்தது.

திடலுக்கு இயல்பாகவே நன்மை செய்யும் குணமுண்டு என்று நாம் கூறவில்லை. 1956 யூன் 5ஆம் நாள், தனிச்சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் அங்கே அமைதியாக அமர்ந்த சத்தியாக்கிரகிகளைக் காடையர் அடித்து விரட்டினர், பொலிசார் பார்த்திருந்தனர். முற்றவெளியின் நினைவும் அத்தகையதே. 1974 சனவரி 10ஆம் நாள் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியில் பொலிசார் புகுந்தபோது, மின்கம்பி அறுந்து வீழ்ந்து ஒன்பது உயிர்கள் மாண்டன. திடல் எவர் பக்கமும் சார்வதில்லை. ஆனால் இவ்விரு நாட்களிலும் அங்கு குற்றம் புரிந்தது கூடியிருந்த மக்களல்லர் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தைக் கலைத்தவர்களே குற்றம் புரிந்தனர்.

2022 ஏப்பிரல் 9ஆம் நாள் தொடங்கி நூறு நாட்களுக்கு மேலாக அதே திடலில் இந்நாட்டு இளைஞர் கூடாரமடித்து அமர்ந்தனர். எரிபொருளும் பால்மாவும் மருந்தும் இல்லாத நாட்டிலே, அங்கே ஒரு நூல்நிலையம் இருந்தது. மே 9ஆம் நாள் ஆட்சியாளரின் ஆதரவாளர் அவர்களைத் தாக்கினர். ஆயினும் சனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். யூலை 22ஆம் நாள் விடியுமுன்னர் புதிய சனாதிபதியின் படையினர் எஞ்சிய கூடாரங்களைப் பிடுங்கினர். அதன் பின்னர் நடந்ததே எமது விடயத்துக்கு முக்கியமானது. 2023இல் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: காலிமுகத்திடலைச் சமய நிகழ்வுகளுக்கன்றி வேறு நிகழ்ச்சிகளுக்கு வழங்குவதில்லை, மக்கள் ஓய்வாகப் பொழுது போக்குவதற்கே திடல் உரியது. எவ்வளவு இனிமையான வார்த்தைகள்! எமது வீதியின் மகஜரில் காணப்படும் வார்த்தைகளும் இவையே. புல்லின்மீது அரசுக்குத் திடீரென்று பிறந்த பாசத்தின் காரணம் யாதென்று மாணவருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆள்வோர் கூட்டத்துக்கு அஞ்சுவது புதியதன்று. 1848 யூலை 28ஆம் நாள், நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதித்த டொரிங்டனின் ஆட்சிக்கு எதிராக எமது மாத்தளையில் மக்கள் திரண்டெழுந்தனர். மறுநாளே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. 1866இல் இலண்டனில் வாக்குரிமை கோரி வந்த தொழிலாளருக்கு எதிராக ஹைட் பூங்காவின் கதவுகள் மூடப்பட்டன. கூட்டத்தின் நெருக்கத்தில் இரும்புக் கிராதிகள் சாய்ந்தன. பண்பாட்டின் காவலரெனப் பேர்பெற்ற மத்தியூ ஆர்னோல்ட் அதைக் கண்டு நடுங்கி அராஜகம் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் 1872இல் அதே பூங்காவில் மக்கள் கூடிப் பேசுவதற்குச் சட்டம் வழிவிட நேர்ந்தது. இன்று உலகெங்கும் சனநாயகத்தின் சின்னமாகச் சொல்லப்படும் பேச்சாளர் மூலை, சாய்ந்த கிராதிகளின் மீது எழுந்ததே.

அமைதியான அயல் வேண்டும் என்ற எமது நியாயமான ஆசையை, மக்கள் கூடலாகாது என்ற தமது நியாயமற்ற ஆசைக்குப் போர்வையாக்குவோர் எக்காலத்திலும் உளர். எமது தூக்கத்தின் பெயரால் பிறருடைய குரலை நெரிக்க நாம் கையெழுத்திட முடியாது.

அதிலும் எமது மாவட்டத்தில்! மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, வழியெங்கும் பிணங்களை விட்டுவிட்டு, எஞ்சியோர் வந்து சேர்ந்த மண் மாத்தளை. இருநூறு ஆண்டுகளின் பின், 2023 யூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்களின் நடைபவனி அதே வழியே நடந்து ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. காணியும் வீடும் நியாயமான ஊதியமும் கேட்டு வந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும் மக்களுக்குக் கூட்டம் போட எங்கே இடமிருக்கிறது? தோட்டத்து நிலம் கம்பனியுடையது, வீதி வாகனத்துடையது. நகரத்து மைதானத்தையும் “நடை பயில்வோருக்கு மாத்திரம்” என்று பூட்டிவிட்டால், வாழ்நாளெல்லாம் நடந்தவனுக்கு நிற்பதற்கு ஓரிடமில்லை.

எம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்கள் வீதியில் உலாவரும்போது அந்தக் கூட்டத்தில் நிற்பவர் யார்? நாமல்லவா? அன்று கடையை மூடி, வாகனத்தை நிறுத்தி, மேளச் சத்தத்தைப் பொறுத்து வழிவிடுவோரில் எத்தனை சிங்களவர், எத்தனை முஸ்லிம்கள்! 1983 யூலையில் அத்தேர்களுக்குத் தீ மூட்டப்பட்டது. மீண்டும் தேர் செய்து மீண்டும் அதே வீதிக்கு வந்தோம். எமது கூட்டத்துக்கு வீதி வேண்டுமென்று வாதிடும் நாம், பிறருடைய கூட்டத்துக்கு மைதானம் கூடாதென்று எந்த முகத்தோடு எழுதுவது? நகரத்தில் வாழ்தலென்பது ஒரு நாள் கூட்டமாக இருத்தல். மறுநாள் கூட்டத்தின் அயலவனாக இருத்தல். இரண்டுக்கும் பொருந்தும் நீதி எதுவோ அதுவே நீதி.

அந்த நீதியை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது? உலக அனுபவம் சிறிது உதவும். இலண்டனில் 1869இல் மக்களுக்காகத் திறக்கப்பட்ட ஃபின்ஸ்பரி பூங்காவில் வேலியடைத்து நடத்தப்படும் இசை விழாவுக்கு எதிராக அயலவர் வழக்காடினர். மன்றம் அவ்வாறு வாடகைக்கு விடலாமென 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. அரசின் மானியம் வெட்டப்பட்ட உள்ளூர் மன்றங்கள் புற்றரையை விற்றுப் பிழைக்கும் நிலை அங்கும் உண்டு. ஆனால் 2025 மே மாதத்தில் பிரொக்வெல் பூங்காவின் அயலவர் வென்றனர். திட்ட அனுமதியின்றிப் பூங்காவை ஆண்டுக்கு 28 நாட்களே இவ்வாறு பயன்படுத்தலாம். மேடை கட்டும் நாளும் பிரிக்கும் நாளும் அதற்குள் அடங்கவேண்டும் என்பதே அவர்களின் வாதத்தின் உயிர். தீர்ப்பின் பின்னரும் அவ்வாண்டு விழாக்கள் நடந்தேறின; பணத்தின் பலம் அத்தகையது. எனினும் நாட்களை எண்ணும் முறையை அவர்களிடமிருந்து நாம் கற்கலாம்.

ஆகவே நாம் வேறொரு மகஜர் எழுதினோம். அதில் கேட்டவை இவை. நுழைவுச்சீட்டு விற்று வேலியடைக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கு இத்தனை நாளென்று வரம்பு விதிக்க வேண்டும். முதல் லொறி வரும் நாள் முதல் கடைசித் தகரம் கழற்றப்படும் நாள் வரை எண்ண வேண்டும். மைதானம் எவருக்கு, எத்தனை ரூபாவுக்கு வழங்கப்பட்டதென்பதை வாசலிலேயே மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்ட வேண்டும். அப்பணத்தின் ஒரு பங்கு புல்லுக்கும் மலசலகூடத்துக்கும், மேலதிக வேலை செய்யும் சுத்திகரிப்புத் தொழிலாளியின் மேலதிகச் சம்பளத்துக்கும் செல்ல வேண்டும். நுழைவுச்சீட்டில்லாத பொதுக்கூட்டம், தொழிலாளர் பேரணி, கலைவிழா ஆகியவற்றுக்கு வாடகை கூடாது. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும், விகாரைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே விதி வேண்டும். இரவு பத்து மணி எல்லார்க்கும் இரவு பத்து மணியாக இருக்கட்டும். பொதுப் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி எவருக்கும் இல்லை. எமது கோயிலுக்கும் இல்லை. அனுமதி வழங்கும் குழுவில் அயலவரும், விளையாடும் இளைஞரும், துப்புரவுத் தொழிலாளரும் இடம்பெற வேண்டும்.

இதைப் பெரியவரிடம் கொண்டு சென்றோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை வாசித்தார். கோயிலின் ஒலிபெருக்கி பற்றிய வரியில் விரலை வைத்து, “இது நம்ம ஆளுகளுக்கே பிடிக்காதே, சேர்” என்றார். ஆம், பிடிக்காது. எமக்கு வேண்டியவரை விட்டுவிட்டுப் பிறருக்கு மாத்திரம் விதி எழுதினால் அதற்குப் பெயர் நீதியன்று என்றோம். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை, மறுக்கவுமில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் நண்பரும், மூலைக்கடைச் சிங்களத் தாயாரும், மைதானத்தில் பந்தடிக்கும் பிள்ளைகளில் பதினெட்டு வயது கடந்த யாவரும் இட்டிருக்கின்றனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் நகரத்திலும் ஒரு மைதானம் இருக்கும். அதன் ஓரத்தில் தூக்கமிழந்த வீடுகளும் இருக்கும். அவ்வீடுகளின் துயரத்தை ஏளனம் செய்யாதீர்கள். அங்கே நாம் போகாவிடில், பூட்டுக்களோடு வேறெவரேனும் போவார்கள். தகரத் தட்டியும் பூட்டும் பகைவர்போல் தோன்றினாலும் ஒரே கையின் இரு விரல்கள். ஒன்று மக்களின் நிலத்தை விற்கிறது. மற்றது அதிலிருந்து மக்களை விலக்குகிறது. இரண்டையும் அகற்றிய மைதானமே எமக்கு வேண்டும்: பகலில் பிள்ளைகள் விளையாட, மாலையில் முதியோர் காற்று வாங்க, வேண்டும் நாளில் உழைக்கும் மக்கள் கூடித் தம் நியாயத்தைப் பேச, பத்து மணிக்குப் பின் ஊர் முழுவதும் உறங்க.